கண்ணை மூடிக்கொண்டு பேசினோம்

போன வாரம் பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஒருவர் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். வெயிலில் கிடந்த மூட்டை. பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் என் கண்ணில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. பக்கத்து சீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, வூட்டுல ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்று கேட்டார். "வெங்காயம்ங்க" என்றேன். பாதி உண்மைதான் அது. மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் சபை ஒரு வெங்காய மண்டிக்குப் பின்னால் இருந்தது. தகரக் கொட்டகை. மண்டிக்காரர் சரக்கு வைக்கக் கட்டியதை, சபையை நடத்திய மூப்பர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரம் சூடேறினால் சுவரெல்லாம் வெங்காய வாடை கிளம்பும். எல்லோரும் அழுதுகொண்டே ஜெபிப்போம். ஆவியானவர் இறங்கி அழவைக்கிறாரா, மண்டிக்காரர் அழவைக்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பத்து வயதில் இதை அம்மாவிடம் கேட்டேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்ததையும் பார்த்தேன்.

சபையை நான் குறை சொல்லப்போவதாக நினைக்க வேண்டாம். அது வராமல் இருந்திருந்தால் அப்பா முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அப்பா டெய்லர். நல்ல கை. ஆனால் சாயங்காலம் ஆனால் அந்தக் கை நடுங்கும், குடிக்கப் போய்விடுவார். ஒரு மழைநாளில் சாக்கடை ஓரத்தில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து, குளிப்பாட்டி, ஒரு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் மூப்பர். அதற்குப் பிறகு அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த நன்றியில் வீட்டையே தூக்கிச் சபையிடம் கொடுத்துவிட்டார். அக்கா செல்வி, எஸ்தர் ஆனாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோ அடுப்புக்குப் போனது, உருவம் கூடாது. பூ கூடாது, தோடு கூடாது, ரேடியோ கூடாது. முழங்கை தெரிகிற ஜாக்கெட் தைக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டதால் பாதி வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போனது. வெளியாட்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. சாவுக்கும் கூடாது. அம்மா பிறந்த ரஞ்சன்குடி அந்தக் கணக்கில் வெளியூர் ஆகிவிட்டது. அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் மாமா, வெளியாள் ஆகிவிட்டார்.

படிப்பு முடிந்து எனக்கு அரியலூரில் வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடைச்சீட்டு போடும் ஆபீஸ். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். சாயங்காலம் திரும்பும்போது தூசி படிந்து தலை நரைத்திருக்கும். இப்போது தூசி இல்லாமலே நரைத்துவிட்டது, அதை விடுங்கள்.

மாமா செத்துப்போன சேதி ஒரு காலையில் வந்தது. சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தையல் மிஷினை நிறுத்தவில்லை. "மரிச்சவங்கள மரிச்சவங்க பாத்துக்குவாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா முறத்தில் அரிசியை அள்ளிப்போட்டுக்கொண்டு கல் பொறுக்க உட்கார்ந்தாள். ரேஷன் அரிசிகூட இல்லை, கடையில் வாங்கிய சுத்தமான அரிசி. அதில் ஏது கல்? ஒவ்வொரு அரிசியாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தபோது ஒரு துணி முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தால் ஒரு பிடி அரிசி.

இறங்கிவிட்டேன். ரஞ்சன்குடிக்கு வேறு பஸ் பிடித்தேன். கோட்டைக்குக் கீழே மாமா வீட்டு வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வருஷம் ஆகியிருந்தது என்னை அவர்கள் பார்த்து. அத்தை அடையாளம் கண்டுபிடித்து, "ஒங்கம்மா வரலயாடி?" என்று கேட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அனுப்பிருக்காங்க அத்தை" என்றேன். அந்த அரிசியை மாமாவின் வாயில் போட்டேன். வாய்க்கரிசி போடத் தெரியாமல் முழுப் பிடியையும் கொட்டிவிட்டேன். யாரோ ஒரு பெரியவர், "கொஞ்சமா போடு தாயி" என்றார்.

யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் மூப்பர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார்.

"மரிச்சவருக்கு அரிசி போட்டீங்களா?"

"போட்டேங்க."

"அரிசி எங்க வாங்குனீங்க?"

பெண்கள் வரிசையில் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். முக்காட்டின் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நானே எடுத்துட்டுப் போனேங்க."

"தப்புன்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிருங்க. ஆண்டவர் மன்னிப்பாரு. நாங்களும் மறந்துருவோம்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார்கள். ஆனால் அது தப்பு என்று நான் சொன்னால், அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் அந்த முடிச்சைப் போட்ட கைக்கும் சேர்த்துத் தப்பு என்று சொன்னதாகாதா? "தப்புன்னு தோணலங்க" என்றேன். மூன்றாம் ஞாயிறு தீர்ப்பு வந்தது. இனி யாரும் என்னோடு பேசக் கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

வீட்டில் அது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அடிதடி எதுவும் இல்லை. அப்பா அம்மாவிடம், "வந்துருக்கவங்களுக்குச் சோறு போடு" என்பார். மரியாதையோடு. நான் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள். ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா, தலை பின்னி முடித்த சீப்பை என் கையில் கொடுக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். பதினோரு நாள் தாங்கினேன். பன்னிரண்டாம் நாள் ஒரு பையோடு அரியலூருக்கு வந்து, கூட வேலை பார்த்த பெண்ணோடு ஒரு அறையில் தங்கிவிட்டேன். கடவுள் எப்போது போனார் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சாப்பிடும் முன் ஜெபிக்க மறந்துபோனேன். அது மறந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை பெரம்பலூர் கடைத்தெருவில், நூல், பித்தான், ஊக்கு விற்கும் கடை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தையல் சாமான் வாங்க வந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அம்மா" என்றேன். திரும்பவில்லை. போய்விடலாம் என்று காலை எடுத்தபோது அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்தப் புள்ள எளச்சுப் போச்சுப்பா. வேளாவேளைக்குச் சாப்புடுதான்னு தெரியல. எஸ்தருக்கு மாப்ள பாத்துருக்கோம் ஆண்டவரே, மாசிக்கு மேல கல்யாணம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என்னோடுதானே பேசக் கூடாது. ஆண்டவரோடு பேசலாமே!

நானும் கண்ணை மூடினேன். நம்பிக்கை போன ஒருத்தி நடுத்தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "ஆண்டவரே, நான் நல்லாத்தான் சாப்புடறேன். மெஸ்ஸு சாப்பாடு, அதான் எளச்ச மாரி தெரியுது."

"ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஒன்பது வருஷம். என் ரெஜிஸ்டர் கல்யாணத்தை அம்மா அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, மூணு மாசமாச்சு" என்று நான் சொன்ன அன்று, அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவித் தேடி என் தலையில் வைத்தாள். பாவிக்குத் தலையில் கைவைத்து ஜெபிக்க அனுமதி உண்டு. கை உடனே எடுபடவில்லை. நூல்கடைக்காரர் எங்களுக்கு வழிவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒருமுறை மட்டும் அம்மா குரல் உடைந்து, "அந்த அரிசிய முடிஞ்சு குடுத்தது நான்தான்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே. எந்திரிச்சு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இந்தப் புள்ள என்னையக் காட்டிக்குடுக்கல" என்றாள். "ஆண்டவரே, அத அவங்க மறந்துரணும்" என்றேன். அந்த ஜெபம் மட்டும் கேட்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அம்மா வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நூல்கடைக்காரர்தான் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். "அடக்கம் பண்ணி இருவது நாளு ஆச்சேம்மா. ஒங்களுக்குச் சொல்லலயா?"

வீட்டுக்குப் போனேன். உள்ளே மிஷின் ஓடும் சத்தம். அம்மாவுக்காக வந்து தங்கியிருந்த அக்கா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, அம்மாவுக்கு என்ன ஆச்சு? வலியில்லாம போனாங்களா? ஏதாச்சும் சொன்னாங்களா?"

மிஷின் நின்றது. காத்திருந்தேன். தெருவில் ஒரு மொபெட் போனது. அக்கா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தபோது அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தலையாட்டல் எந்தக் கேள்விக்கான பதில் என்று நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

மூப்பரும் இறந்துபோனார். அவருக்குப் பிறகு யார் நடத்துவது என்று அவர் பிள்ளைகளுக்குள் சண்டை வந்து, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, இரண்டே வருஷத்தில் சபை இல்லாமல் போய்விட்டது. பெயர்ப்பலகைகூட மிச்சமில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கே கார் நிறுத்துகிறார்கள். காவலுக்கு இருப்பவரிடம் விசாரித்தேன். "சபையா? இங்கயா? நான் வந்து நாலு வருஷம் ஆச்சுங்க, கேள்விப்படலயே" என்றார். அக்கா திருச்சியில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அப்பாவும் அவளோடு போய்விட்டார்.

யாரிடமோ நம்பர் வாங்கி மூன்று மாதத்துக்கு முன் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"அக்கா, நான்தான். வச்சிராதக்கா. மூப்பர் இல்ல இப்ப. சபையும் இல்ல. தள்ளி வச்சவங்க ஒருத்தரும் இல்லயேக்கா. இன்னும் யாருக்காகக்கா பேசாம இருக்க?"

பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. ஏதோ ஒரு குழந்தை எதற்கோ கூப்பிட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா இருக்காங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

பதினெட்டு வருஷத்தில் அக்கா என்னிடம் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. கொஞ்சம் தடித்து, கரகரத்து, யாரோ ஒரு நடுவயதுப் பெண்ணின் குரலாக இருந்தது. இருட்டில் பாயில் படுத்துக்கொண்டு என் காதுக்குள் கதை சொன்ன செல்வியின் குரல் எந்த வருஷம் இப்படி மாறியதென்று, நான் கூட இருந்து கேட்கவில்லை.