கால் விரலைத் தொட்டு எழுப்பியவள்

செய்தி வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரகடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் சாயங்காலம் வரை கண்ணசந்திருந்தேன். போன் அலறியது. கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் மலர்தான், அழுகையினூடே பேசினாள். "யக்கா, கன்னியம்மா அக்கா பஸ்ல எந்திரிக்கவே இல்லக்கா." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்திரிக்கலன்னா எழுப்புட்டி" என்று எரிந்து விழுந்தேன். "எழுப்பிட்டேன்க்கா" என்றாள்.

கன்னியம்மா அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக்காரி. காருக்கு ஒயர் கட்டும் எங்கள் கம்பெனியில், தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலிலும் அறையிலும் கிடக்கிற எங்களுக்கெல்லாம் மத்தியானத் தூக்கத்தைப் பழக்கியவள் அவள்தான். சாப்பாட்டு நேரமே கொஞ்சம். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, பேக்கிங் பகுதிக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையாகக் கட்டையைச் சாய்ப்போம். அக்கா மட்டும் படுக்கமாட்டாள். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்து, மணி அடிப்பதற்குள் எங்களை எழுப்பிவிடுவாள். "ராவுல தூங்கறது கம்பெனிக்குடி. மறுநா வேலைக்கு வரணுமே, அதுக்கு. பகல்ல தூங்கறதுதான் நமக்கோசரம்" என்பாள்.

எழுப்புவதற்கும் அவளுக்கு ஒரு முறை உண்டு. நான் சேர்ந்த புதிதில் ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்க, அலறியடித்து எழுந்தேன். அக்கா அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "இன்னாடி இது, திருடனப் புடிச்ச மாதிரி? தூங்கறவ எங்க போயிருக்காளோ இன்னாவோ. கால் கட்டவெரல மெல்லப் புடிச்சுக் கூப்டு, தானா வருவா." அவள் அப்படித்தான் செய்வாள். பெருவிரலை லேசாக அழுத்தி, "மணியாச்சு கண்ணு" என்பாள். "வந்துட்டேன்க்கா" என்றபடி நாங்கள் கண்ணைத் திறப்போம். ஒருநாள் எல்லாரையும் எழுப்பிவிட்டு என்னைக் கடைசியாக எழுப்பினாள். ஏன் என்று சண்டைக்குப் போனேன். "கனவுல யாராண்டயோ சிரிச்சுப் பேசிக்கினு இருந்தே. பேசி முடிச்சிட்டு வரட்டும்னு வுட்டேன்" என்றாள். இனி யார் இருக்கிறார்கள் எனக்கு அப்படி?

புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் எங்கள் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இது கம்பெனியா, கல்யாண மண்டபமா?" என்று கத்தினார். "சார், தூக்கம் சொக்குற கண்ணுக்கு செவப்பு ஒயரும் ஆரஞ்சு ஒயரும் ஒண்ணாத்தான் தெரியும். அப்பால தப்பு வந்தா எங்களத்தானே கேப்பீங்கோ?" என்றாள் அக்கா. அவர் மசியவில்லை. கொஞ்ச நாள் உட்கார்ந்தபடியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு மத்தியானம், மனுஷன் நாற்காலியில் காலை நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போனாள். அவர் ஷூவின் நுனியை அழுத்தி, "மணியாச்சு சார்" என்றாள். "வந்துட்டேன்மா" என்று எழுந்தவர், நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டார். மறுநாள் அட்டையை விரித்தோம்.

எங்களைத் தூங்க வைத்தவளுக்குத் தூக்கம் கம்பெனி பஸ்ஸில்தான். வீட்டுக்குப் போனால் சமையல், துணி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார். அதனால் பஸ்ஸில் அவள் கண்ணை மூடினால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம், டிரைவர் அண்ணன் பாட்டைக் குறைப்பார். இறங்கும் இடம் வரும்வரை அவளை எழுப்பக்கூடாது. அது எங்களுக்குள் ஒரு சட்டம். அன்றைக்கும் வேலை விட்டுத் திரும்பும்போது மலரின் தோளில் சாய்ந்திருக்கிறாள். தோள் மரத்துப்போயும் மலர் அசையவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும் குனிந்து கால் விரலைப் பிடித்திருக்கிறாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். மலர் காதில் அது ஏறவே இல்லை. "நாந்தானே தூங்கட்டும்னு விட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்ணாடிப் பெட்டி வருவதற்குள் நாங்கள் அவள் வீட்டுக்குப் போய்விட்டோம். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கால்மாட்டில் உட்கார்ந்தேன். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் அந்த விரலைப் பிடித்துவிட்டது. "மணியாச்சுக்கா" என்றேன். பதில் வரும் என்று உண்மையாகவே காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மத்தியானத்தில் யாரும் படுக்கவில்லை. அட்டைகள் சுவரோரம் அப்படியே நின்றன. மலர் வெறித்த கண்களோடு உட்கார்ந்திருப்பாள், லைனில் தள்ளாடுவாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் அட்டையை இழுத்து விரித்தேன்.

"ஏட்டி, படு."

"மாட்டேன்க்கா. பயமா இருக்கு."

"நான் எழுப்புதேன்."

"எழுப்பிருவியா? நெசமாவா?"

"எழுப்புவேன். படு."

படுத்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் படுத்தார்கள். அக்காவின் தூணில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இடமும் இந்த வேலையும்தான். மணி அடிக்கப் போகிற நேரத்தில் மலரின் கால்மாட்டுக்குப் போனேன். தொடவே பயந்தேன், எங்கே இந்த விரலும் அக்காவின் விரல் போலச் சில்லென்று இருந்துவிடுமோ என்று. கடைசியில் பெருவிரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

"மணியாச்சு கண்ணு."

அவள் அசையவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. இன்னொரு தரம் மெல்ல அழுத்தினேன்.

"வந்துட்டேன்க்கா" என்றாள் மலர்.