பெண்களுக்கு மூன்று கிலோ

என் மனைவி டீச்சராக இருந்த காலத்தில் எங்கள் சுரங்க நகரியத்தின் பாதிப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தவள். அறுபதைத் தாண்டியதும் அவளாலேயே முட்டி போட முடியாமல் போனது. போட முடிந்தது, எழத்தான் முடியவில்லை. மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்த பிறகும் அவள் தரையிலேயே இருந்தாள். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி அவளிடம் படித்தவள். அடுத்த வாரம், கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை யாரும் கேட்காமலேயே கடைசி வரிசையில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்தார். அந்த வரிசையில் உட்காருகிறவர்கள் அடுத்தபடியாகக் கோயிலுக்கு எப்படி வருவார்கள் என்பது எங்கள் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் தூக்கி வருவார்கள்.

"எனக்கு நாற்காலி வேணாங்க," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "எதையும் புடிக்காம முட்டி போடணும், எதையும் புடிக்காம எழுந்திரிக்கணும். அவ்ளோதான்."

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அழைத்துப்போனேன். அவள் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தேய்ந்திருப்பது முட்டியைவிடத் தொடைதான் என்றாள். "எடை தூக்கணுங்கம்மா. கொஞ்சங்கொஞ்சமா ஏத்திகினே போவணும். ஒரே எடைய வெச்சிகினு இருந்தா ஒடம்பு தூங்கிடும். சாரும் கூட வரட்டுங்க. சாருக்கும் ஒண்ணும் மிச்சம் இல்ல."

ஓய்வு பெற்றவர்களுக்கென்று நாங்கள் நடத்தும் மன்றத்தில் ஓர் உடற்பயிற்சி அறை உண்டு. ஒரு பெஞ்சு, சில டம்பெல், இரும்புத் தட்டுகள், ஒரு கண்ணாடி. கருவிகளைவிட விதிகள் அதிகம். நான் வேலை பார்த்த காலத்தில் மைன்ஸில் பாரம் தூக்கும் கொக்கிகளையும் சங்கிலிகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவில் இருந்தேன் என்பதால், மன்றத்தில் எனக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஒரு பதவி தந்திருந்தார்கள். ஆலோசனை கேட்க வேண்டும் என்று விதி இல்லை. அதனால் கேட்டதும் இல்லை.

பெண்கள் நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு. காக்கைகூட நிழல் தேடும் வேளை. அந்த நேரத்தில் பெரிய தட்டுகளை எல்லாம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெளியே இருப்பதில் கனமானது மூன்று கிலோ டம்பெல். சாவி மன்றத் தலைவரிடம். தலைவர் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். பூட்டுவதில் அனுபவம் உள்ளவர்.

மூன்று கிலோவுக்கு மேல் ஏன் கூடாது என்று கேட்டபோது அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, கர்ப்பப்பை இறங்கிவிடும். அங்கே வரும் அம்மாக்களில் பாதிப் பேருக்கு அதை ஆஸ்பத்திரியில் எடுத்தே பல வருடங்கள் ஆகிவிட்டன. எடுத்துவிட்ட பொருள் எப்படி இறங்கும் என்று கணக்குப் பிரிவுதான் சொல்ல வேண்டும். இரண்டு, உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும். அதைச் சொன்னபோது தலைவரின் கைகளைப் பார்த்தேன். அப்படி ஆவதில் பெரிய ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது அவர் மனைவிதான் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் எதுவும் இறங்காது போலிருக்கிறது.

காலையில் நான் பயிற்சி செய்வேன். பிற்பகலில் அவளுக்குத் துணையாகப் போய் ஓரமாக உட்காருவேன். இரண்டு மாதத்தில் என் சட்டைக் கை இறுகியது. நான் கைக்குத்தான் அதிகம் செய்தேன். கண்ணாடியில் தெரிவது அதுதானே. அவளுடைய கை அதே கையாக இருந்தது. ஆண் உடம்பு பலன் தருகிறது, பெண் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து, அதைப் பெருந்தன்மையோடு பிசியோ பெண்ணிடம் தெரிவித்தேன்.

"சார், ஆம்பளைங்களுக்கு அந்த ஹார்மோன் ஜாஸ்திங்க. வயசானாலும் கொஞ்சம் இருக்கும். அதான் சதை ஊதுது," என்றாள். "அம்மாவுக்கு அவ்ளோ ஊதாது. ஆனா அவங்கவங்க ஆரம்பிச்ச எடத்துலருந்து எவ்ளோ பங்கு பலம் ஏறுதுன்னு பாத்தா, ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பல நேரம் களைப்பு கூட பொம்பளைங்களுக்குத்தான் சீக்கிரம் தெளியுது. நீங்க ஒரு தடவ தூக்கிட்டு பேப்பர் படிக்கிறீங்களாமே?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு இப்ப எவ்ளோ எடைங்க?"

"மூணு கிலோதாம்மா," என்றாள் மனைவி. "வந்த மூணாம் வாரத்துலருந்து அதேதான். வடலூர்ல காய் வாங்கினு வர்ற பை அதவிட கனம்."

"அப்ப கோயில்ல நாற்காலியிலயே உக்கார வேண்டியதுதாங்க," என்றாள் அந்தப் பெண், ஒளிவுமறைவு இல்லாமல். திரும்பும் வழியில் கோயில் வந்ததும் மனைவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவள் திட்டினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நான் எழுந்தேன். "ஒவ்வொரு கொக்கியிலயும் இவ்வளவு பாரம்னு பொறிச்சிருக்கும். அதவிடக் கொஞ்சம் கூடவே ஏத்தி, விரிசல் விடுதான்னு பாத்த பெறகுதான் அந்த எண்ணப் பொறிப்போம். லேடீஸுக்கு மூணு கிலோன்னு யாரு சார் சோதிச்சுப் பொறிச்சது?"

"இதுக்கெல்லாம் டெஸ்ட் வேணுமா? பாத்தாலே தெரியாதா?" என்றார் தலைவர்.

"பாத்து சர்டிஃபிகேட் கொடுத்திருந்தா, இந்தக் கூட்டத்துல பாதிப் பேரு பென்ஷன் வாங்க உயிரோட இருக்க மாட்டீங்க."

"அப்ப என்ன, உங்க வூட்டம்மாவ கிரேன்ல தொங்கவிடணும்ங்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்து முடித்ததும் சோதனை நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொன்னேன். பதிவாகிவிட்ட விஷயத்துக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். அதைவிடச் சோதனை நடத்துவதே சுலபம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

சோதனை நாளில் செயற்குழு முழுவதும் வந்திருந்தது. பிசியோ பெண் முறையை விளக்கினாள்: தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழ வேண்டும், கையை எங்கும் ஊன்றக் கூடாது, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் அதேபோல். முதலில் ஆண் ஒருவர் செய்துகாட்ட வேண்டும் என்றார் தலைவர். பாதுகாப்புக்காகவாம். அவரே பத்து கிலோ தட்டை எடுத்தார். மனைவி ஐந்து கிலோவை எடுத்தாள்.

முதல் சுற்றில் தலைவர் விறுவிறுவென்று எழுந்து உட்கார்ந்தார். கைதட்டல். இரண்டாம் சுற்றில் ஓய்வு போதவில்லை என்று கைக்கடிகாரத்தைக் குறை சொன்னார். மூன்றாம் சுற்றில் எழும்போது ஒரு கை தானாகத் தொடைக்குப் போனது. பக்கத்தில் மனைவி, பரீட்சை அறையில் நடப்பவள் போல ஒரே சீராக எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க. நான் எங்கியும் ஓடிட மாட்டேன்," என்றாள்.

"என்னுது பத்து கிலோம்மா! உன்னுது அஞ்சுதான்!"

"ஆமாண்ணே, உங்களுது ஜாஸ்திதான். அதுல யாரு தகராறு பண்ணா? எனக்கு உங்க தட்டு வேணாம். என் தட்ட மட்டும் பூட்டி வெக்காதீங்க."

விரிசல் எதுவும் தென்படவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் நேரத்திலும் அலமாரி திறந்திருக்கும் என்று தீர்மானம் வந்தது. தோல்வியைக் கௌரவமாக முடிக்க ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: கணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன்.

மனைவி அதைப் படித்தாள். "எங்கப்பா சம்மதமும் வேணுமா, அண்ணே? கல்லறையில போய்த்தான் கையெழுத்து வாங்கணும்."

கணவர் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஓர் அம்மா கேட்டார். அது அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார் தலைவர். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் எதற்கும் என் சம்மதத்துக்காகக் காத்திருந்ததில்லை என்பதால், கை கொஞ்சம் கூச்சப்பட்டது.

ஐந்து கிலோ ஏழானது, ஏழு பத்தானது. அவசரமில்லாமல், கொஞ்சங்கொஞ்சமாக. அவளுக்கு மீசை முளைக்கவில்லை. சட்டைக் கைக்காகத் தையல்காரரிடம் போனவன் நான் ஒருவன்தான்.

தவக்காலத்தின் ஒரு ஞாயிறு, கடைசி வரிசைக்குப் போகாமல் நடுவில், முன்னே பெஞ்சு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். துணைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். மணி அடித்தது. இருவரும் முழந்தாளிட்டோம். அவள் கண்ணை மூடி, கை கூப்பியிருந்தாள். நேரம் வந்ததும் ஒரு காலை முன்வைத்தாள்; கூப்பிய கை பிரியாமல் எழுந்து நின்றாள்.

நானும் ஒரு காலை முன்வைத்தேன். என் புஜங்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் புஜத்துக்கு வேலை இல்லை. தொடையை நான் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் அவள் புடவையைப் பிடிக்கப் பார்த்து, பாதியில் நின்றேன்.

"புடவைய விடுங்க," என்றாள், பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கையக் குடுங்க."

ஒரே இழுப்பு. நான் எழுந்து நின்றபோது, கோயில்பிள்ளை வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வந்தார். நிமிர்ந்து நின்றவளைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். நாற்காலியை என் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

நான் உட்கார்ந்தேன். கனத்தைத் தாங்கக்கூடிய நாற்காலிதான்.