குதிரை பார்த்த திசை

லூர்து பிரகாஷைக் கண்டாலே கொளஞ்சியப்பனுக்கு வயிறு எரியும். சிதம்பரத்தில் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கொளஞ்சிக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான்; இப்போது தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். லூர்து கடலூர்க்காரன். ஆறு வயதிலேயே அவனுக்குச் செஸ் கோச் வைத்தார் அவன் அப்பா. கொளஞ்சிக்கு யூடியூப்தான் கோச், அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டு.

செஸ் தொடக்க ஆட்டங்களில் ஓபன் சிசிலியனுக்கு மனப்பாடம் ஜாஸ்தி. அதனால் குளோஸ்டு சிசிலியனைப் பிடித்துக்கொண்டான். நடுவில் மோதாமல், ராஜா பக்கம் மெல்லப் படை சேர்த்துத் தாக்கும் ஆட்டம் அது. லூர்துவைச் சாய்ப்பதற்கென்றே மூன்று வருடம் அதைத் தீட்டி வைத்திருந்தான்.

மாவட்ட அணித் தேர்வின் கடைசிச் சுற்று, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். லூர்துவும் கொளஞ்சியும் எதிரெதிரே; ஜெயித்தவனுக்கு அணியில் இடம்.

"இன்னிக்கும் அதே குளோஸ்டுதானா மச்சான்? வேற சரக்கே இல்லியா?"

"ஒனக்கு இதுவே ஜாஸ்திடா."

பன்னிரண்டாவது நகர்த்தலில் லூர்துவின் கறுப்புக் குதிரை பலகையின் நடுவே வந்து நின்றது, பக்கவாட்டில் திரும்பி. கொளஞ்சியின் ஊரில் குதிரை எதிராளியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பேசாமல் திருப்பி வைப்பார்கள். பழக்கதோஷத்தில் அவன் கை போய்த் திருப்பிவிட்டது.

'சரிசெய்கிறேன்' என்று சொல்லாமல் எதிராளியின் காயைத் தொட்டால், முடிந்தால் அதை வெட்டியாக வேண்டும் என்பது போட்டி விதி. வெட்ட வாகாக இருந்தது மந்திரி, அதாவது பிஷப், மட்டும்தான்; வெட்டினால், தாக்குதலுக்கு உயிரான அந்தக் காய் போய்விடும்.

நடுவர் சத்யப்பிரியா எங்கோ தள்ளி நின்றார். லூர்து குனிந்து கிசுகிசுத்தான். "திருப்பித்தான வச்ச? விடு மச்சான், நான் கேக்க மாட்டேன்."

அதுதான் சுட்டது. கோச்சும் அவனுக்கு, ரேட்டிங்கும் அவனுக்கு, நல்ல மனசும் அவனுக்கேவா? இனி ஜெயித்தாலும் அது லூர்து போட்ட பிச்சை.

மந்திரியால் குதிரையை வெட்டினான். கறுப்புச் சிப்பாய் மந்திரியை வெட்டி நடுவில் ஏறியது. திறந்த வழியில் லூர்துவின் யானைகள் இறங்கின. ஒரு மணி நேரத்தில் கொளஞ்சி தோல்வியை ஒப்புக்கொண்டான்.

பக்கத்து மேஜைக்காரர் நடந்ததைச் சொல்ல, மண்டபமே கைதட்டியது. சத்யப்பிரியா வந்து, "இப்டி ஒரு ஆள நான் பாத்ததில்ல சார்" என்றார். ஜெயித்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா பேர் வாங்கிட்ட" என்றான் லூர்து. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மூன்று வருடத்தில் லூர்துவிடம் அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறான் கொளஞ்சி. தினமும் கண்ணாடியில் பார்க்கிற, வயிறு எரிகிற தன் முகம்தான் அது.

கொளஞ்சிக்குத் திடீரென்று நன்றாகப் பசித்தது.