வகுத்தபோது முளைத்த முனை

கேத்தியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பத்மாவதியின் கணவர் போன் செய்தார். "பத்மா போயிட்டாளுங்க சார். தூக்கத்துலயே…" அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஊட்டியில் அவர் வீட்டுக்குப் போக எதிர்ப்பக்கம் நின்றேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. துறைக் கூட்டத்தில் இனி நான் யாரோடு சண்டை போடுவது?

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் பத்மாவதியைத் தெரியும். ஓவேலி எஸ்டேட் குடும்பம். எங்கள் குன்னூர்க் கல்லூரியில் கணிதம் நடத்தியவர், என்னைவிட இளையவர். எத்தனை முறை வகையிட்டாலும் முரண்டு பிடிக்காத வழவழப்பான சார்பைப் பற்றி வகுப்பில் இப்படிச் சொல்வார்: "ரோடு எவ்வளவு வேணா வளையட்டும் கண்ணு. வெடுக்குனு ஒடியக் கூடாது. ஒடிஞ்சா ஸ்மூத் இல்ல."

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றிருந்தது. வழவழப்பான ஒரு சார்பை இன்னொன்றால் வகுக்கிறோம். வகுக்கும் சார்பு ஓரிடத்தில் பூஜ்யமாகிறது. அங்கேயும் ஈவு அறுபடாமல் தொடர்ந்தால், அதுவும் வழவழப்பாகவே இருக்கும் என்று வாதிட்டிருந்தோம். அவருடைய பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

ஒரு மதியம் கை கழுவாமலே ஓடி வந்தார். "சார், ஒடஞ்சு போச்சுங்க! நம்ம தேற்றம் ஒடஞ்சு போச்சு!"

பலகையில் இரண்டு வளைகோடுகள் போட்டார். இரண்டும் பூஜ்யத்தின் அருகே தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. வகையிட்டுக்கொண்டே போனாலும் அங்கே பூஜ்யம்தான். வழவழப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றை மற்றதால் வகுத்தார். மிஞ்சியவை ஒரு புள்ளியில் முட்டிக்கொள்ளும் இரண்டு நேர்கோடுகள்; நடுவில் கூர்முனை. ஐயோ, எவ்வளவு அழகான அடி!

"பதவி உயர்வு என்னம்மா ஆகும்?" என்றேன்.

"வாரப்ப வரட்டுங்க. பொய்ய எழுதி வெச்சுட்டு வகுப்புல எப்புடிங்க நிக்கறது?"

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவரோ அந்த முனையையே கேள்வியாக்கிக்கொண்டார். வகுக்கும் சார்பு அப்படித் தட்டையாகாவிட்டால்? ஒரு மாறிக்கு விடை தெரிந்ததுதான். பல மாறிகள் வந்தால் எந்தெந்தச் சார்பால் வகுக்கலாம் என்பதில் இருவரும் ஆண்டுக்கணக்கில் கிடந்தோம்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு போனில், "ஒரு வகைச் சார்புக்கு நிரூபணம் வந்துருச்சுங்க சார், அனுப்பியிருக்கேனுங்க. சந்தோசப்படாதீங்க, மொதல்ல ஒடச்சுப் பாருங்க" என்றார்.

சொந்தக் கணக்கை உடைக்கத் தேடும் அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அவர் நிரூபணத்தோடு மல்லுக்கட்டினேன். தெரிந்த முனைகளை எல்லாம் கொண்டுவந்து மோதினேன்.

பத்மா, உடையவில்லை.