ஊசி உள்ளே போன பிறகு

என் வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே அவர்களுக்குள் ஒரு வழக்கம். மிஷினைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வந்து நின்றால்தான் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெளியே வீடு கட்டி வந்த பிறகும் இவருக்கு அது போகவில்லை. நான் வந்து எதிரே உட்கார்ந்தால்தான் சோற்றில் கை வைப்பார். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அவருக்குச் சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு. போதாததற்குக் கிட்னியும் பழுது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டால் போட்ட கையோடு சாப்பிட வேண்டும். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அந்த மருந்து சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாதாம். சர்க்கரை எப்போது இறங்கும் என்றே சொல்ல முடியாதாம். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார். "இன்னொரு தடவ மயங்கினா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியானம் ஊசி போட்டு, சோற்றையும் போட்டு வைத்துவிட்டு, "சாப்பிடுங்க, இதோ வந்துடறேன்" என்று மருந்துக் கடைக்கு ஓடினேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தால் சோறு போட்டது போட்டபடி இருக்கிறது. மனுஷன் சட்டை நனைய வியர்த்து நாற்காலியில் சரிந்து கிடக்கிறார்.

"யாருக்குங்க காத்துக்கினு இருந்தீங்க?"

"நீ... வரலியே" என்றார், நாக்குக் குழற.

அட பாவி மனுஷா! ஜூஸ் கொடுக்கலாமென்றால் கிட்னிக்கு ஆகாது. இளநீர் கூடவே கூடாது. தண்ணீரும் இதயத்துக்காக அளவுதான். எதைக் கொடுக்க, எதை விட? சர்க்கரையை அள்ளி அவர் கன்னத்துக்குள் தடவினேன். அவருக்குக் கண் தெளிந்ததும் ஒரு பிடி பிடித்தேன் பாருங்கள், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் எங்கேயும் நகரவில்லை. ஊசி போட்டேன். எதிரே சட்டமாக உட்கார்ந்து, "ம், சாப்பிடுங்க" என்றேன். முதல் நாள் வாங்கிய திட்டில் மறு பேச்சில்லாமல் சாப்பிட்டார். கடைசி வாய் உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்பாடா என்று தட்டைக் கழுவப் போனேன். பின்னால் குமட்டல் சத்தம். சாப்பிட்டது மொத்தமும் தரையில் கிடந்தது. கிட்னி பழுதானவர்களுக்கு அப்படியும் வருமாம். சோறு வெளியே வந்துவிட்டது. உள்ளே போன மருந்தை எப்படி வெளியே எடுப்பது?

சர்க்கரை டப்பாவோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு பயந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"நான் சாப்பிட்டேன்ல? நீ பாத்தியே."

"பாத்தேங்க" என்றேன். திட்டுவதற்குக்கூட அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அழுகைதான் வந்தது.