கத்தரி வாடலும் நான் கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்டும்

பயிர் நோய் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் கையெழுத்துப் போட மறுத்தது ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சகாயமேரி என்பவரின் கத்தரித் தோட்டம், காய் பிடிக்கும் நேரத்தில், பச்சை மாறாமலே துவண்டு சாய்ந்தது. கொடுக்கும்போது நாற்று நன்றாகத்தான் இருந்தது, அந்தம்மா தண்ணீரை அதிகமாகப் பாய்ச்சிக் கெடுத்துவிட்டார் என்று நாற்று விற்ற நர்சரிக்காரர் சொன்னார். எங்கள் மேலதிகாரி தோட்டத்தைப் பார்க்காமலே அதை ரிப்போர்ட்டாக அடித்து என் மேசையில் வைத்தார்.

நான் நேரில் போனேன். சகாயமேரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

“எட்டிப் பாருங்க மேடம். அரை மணி மோட்டார் போட்டா காத்துதான் வருது. நான் எங்கிட்டுப் போயி அதிகமாப் பாய்ச்சுறது?”

சாய்ந்த ஒரு செடியின் தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை இழை புகைபோல இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். நர்சரியில் மிச்சமிருந்த நாற்றுகளையும் வாங்கிவந்து, அவற்றின் சாற்றைக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவி பிளேட் போட்டேன். மூன்றாம் நாள், பச்சைப்பசேலென்றிருந்த அந்த நாற்றுகளிலிருந்தும் அதே பாக்டீரியாவின், நடுவில் சிவந்த வெள்ளைக் காலனிகள் புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தன.

மேலதிகாரியிடம் விளக்கினேன். இந்தப் பாக்டீரியா கொஞ்சமாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிக்னல் மூலக்கூறை வெளியே விடும். செடிக்குள் பெருகப் பெருக அந்த சிக்னலும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் நோய் உண்டாக்கும் ஜீன்கள் ஆன் ஆகும். கொழகொழவென்று பிசின் சுரந்து செடியின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். அதுவரை நாற்றைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “புரியுது மேடம். ஆனா நர்சரிக்காரர் நமக்கு வேண்டியவரு. அந்தம்மா என்ன கோர்ட்டுக்கா போகப் போறாங்க?”

தெரியாமல் எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே எழுதச் சொன்னார். நான் என் முடிவுகளைத் தனி ரிப்போர்ட்டாக எழுதி, போட்டோக்களை இணைத்து, தபால் பிரிவில் நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வைத்தேன். அதன்பின் மறைக்க முடியவில்லை. நர்சரியில் அந்த நாற்றுகளை அழித்தார்கள். அதற்குள் கறம்பக்குடி வரை அவை போய்ச் சேர்ந்திருந்தன. சகாயமேரியிடம் ஒருவரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

நானே போய், கிருமி மண்ணில் தங்கியிருக்கும், அந்த நிலத்தில் இப்போதைக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம், மக்காச்சோளம் போடுங்கள் என்றேன். அவர் கேட்டது வேறு.

“எம்மேல தப்பில்லன்னு எழுதிக் குடுப்பீங்களா? சிங்கப்பூர்ல இருக்க எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பணும். அவரும் என்னையத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு.”

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நோயைக் கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.