டிரம்முக்குள் இறங்கிய மண்டையோடு

எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அம்மாதான் காவல். தாராவியில் குழாய் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். பிடித்ததை மறுநாள் வரை கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்முக்குள் யாரும் கை விடக் கூடாது. டிரம்மின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, நகராட்சி ஆள் கொடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அப்பாவின் அதட்டலுக்கே அசையாத நான், அந்தத் துணியை அவிழ்க்க மட்டும் துணிந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில், சந்துக்குள் காமாலை பரவியிருந்த நேரத்தில், பழைய டிரம் விரிசல் விட்டது. அப்பா தான் வேலை பார்த்த பழைய பிளாஸ்டிக் குடோனிலிருந்து ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவியாச்சு," என்றார் பெருமையாக.

அதைச் சுவரோரம் நிறுத்தும்போது நான் பார்த்துவிட்டேன். அடிப்பக்கம் ஒட்டியிருந்த தாளில் ஒரு மண்டையோடு, கீழே இரண்டு எலும்புகள். கரண்ட் பெட்டியில் இருக்குமே, அதே படம். யாரிடமும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டிரம் நிறையத் தண்ணீர், படத்தைக் காணோம். மண்டையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது என்றே நம்பினேன். அரிவாள்மணையில் காகிதத் துணுக்கும் நீலச் சீவலும் ஒட்டியிருந்ததைக் கண்ணால் கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் குடிக்க, பக்கத்து வீட்டிலிருந்து அம்மா ஒரு குடம் தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள். தான் மட்டும் டிரம்மிலிருந்து மொண்டு, முகர்ந்து பார்த்து, மடமடவென்று குடித்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"குடிக்காதம்மா, அதுக்குள்ள மண்டையோடு கெடக்கு!"

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. போயி தம்பியப் பாரு."

பாவம், படம் இருந்ததே அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அதன்பிறகு அவள் பின்னாலேயே அலைந்தேன். ராத்திரி அவள் அசந்து படுத்தபோது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது.

மறுநாள் காலை, அம்மா வாசல் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் வீறிட்டு அழுதேன்.

"நேத்து மீனு சேரல," என்றாள். வாயைத் துடைத்த கையோடு உள்ளே வந்து, தம் பிடித்து டிரம்மைச் சாய்த்தாள். அத்தனை தண்ணீரும் சந்தில் ஓடியது. டிரம் ஓட்டை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். அப்பா அதை வந்த வழியே உருட்டிக்கொண்டு போனார்.

மண்டையோடு சாக்கடையோடு போயிற்று என்று தம்பியும் நானும் கைதட்டிக் குதித்தோம். அம்மா பக்கத்து வீட்டுக் குடத்திலிருந்து எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். கொடுக்கும் முன் அதையும் முகர்ந்து பார்த்தாள். வாந்தி எடுத்த குமட்டல் என்று நினைத்தேன். எனக்கு முன்பே அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள் என்பதும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று தன் வயிற்றில் ஊற்றிப் பார்த்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் பயந்து கிடந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.